பெற்றோரை அழைத்த காலங்கள்

கனடாவில் குடியேறிய ஒருவர் தம் பெற்றோரையோ பாட்டன் பாட்டியரையோ நிரந்தரமாகத் தம்முடன் வாழ அழைத்துக்கொள்ளும் வழியை ஈழத்தமிழர் ‘ஸ்பொன்சர்’ என்றே வழங்கிவருகின்றனர். 1978ஆம் ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டம் ‘குடும்ப வகுப்பு’ என்றொரு பிரிவை வகுத்து, கல்வித் தகுதியோ தொழில் திறனோ பாராமல் உறவை மட்டுமே கொண்டு ஒருவரை நாட்டுக்குள் ஏற்க இடம் தந்தது. 2002 ஜூன் 28 முதல் அதன் இடத்துக்கு வந்த குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டமும் அப்பிரிவைக் கைவிடவில்லை. அழைப்பவர் அரசுக்கு ஒரு பொறுப்புறுதி எழுதிக் கொடுக்க வேண்டும். வந்து சேர்பவரின் உணவு, உடை, உறையுள் ஆகியவற்றைக் குறித்த ஆண்டுகள்வரை தாமே பார்த்துக்கொள்வதாகவும், அவர் ‘வெல்பெயர்’ எனப்படும் சமூக உதவிப் பணம் பெற நேர்ந்தால் அதைத் தாமே அரசுக்குத் திருப்பிச் செலுத்துவதாகவும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு அளிக்கும் வாக்கு அது. பெற்றோரைப் பொறுத்தவரை 1990களில் பத்து ஆண்டுகளாக இருந்த இக்காலம், கியூபெக் நீங்கலான மாகாணங்களில் 2014 முதல் இருபது ஆண்டுகளாக்கப்பட்டது. பொறுப்பேற்றவர் வேலை இழந்தாலும் நோயுற்றாலும் இக்கடன் அவரை விட்டு நீங்குவதில்லை என்பதைக் கனடாவின் உச்ச நீதிமன்றம் 2011 ஜூனில் மாவி வழக்கில் உறுதிசெய்ததோடு, கடனை அறவிடும் முன் அவர் தம் நிலைமையை எடுத்துச் சொல்ல அரசு வாய்ப்பளிக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது.

இம்முறை முழுவதிலும் கணக்கில் எடுக்கப்படுபவை அழைப்பவரின் ஆண்டுகளே: அவர் வரி கட்டிய ஆண்டுகள், அவர் பொறுப்பேற்கும் ஆண்டுகள், அவருடைய விண்ணப்பம் வரிசையில் நின்ற ஆண்டுகள். அழைக்கப்படுபவரின் வயதுக்கு இதில் இடமில்லை. அறுபது வயதுத் தாயும் எண்பது வயதுத் தாயும் ஒரே வரிசையில் ஒரே விதியின்கீழ் நிற்கின்றனர். மானிப்பாயிலிருந்து ரொறன்ரோவுக்குப் பெயர்ந்த ஒரு குடும்பம், இரு வேறு காலங்களில், இரு வேறு மூதாட்டியரை அழைக்க முயன்ற அனுபவம் இங்கு நினைவுகூரப்படுகிறது. இதைப் பதிவுசெய்பவர் அக்குடும்பத்தின் மூத்த பேரப்பிள்ளை. ஆகவே கோப்புகளில் இல்லாத சிலவும் இதில் இடம்பெறுகின்றன.

1983 ஜூலை வன்செயலுக்குப் பின்னர் இலங்கைத் தமிழருக்கெனக் கனடா சில சிறப்பு ஏற்பாடுகளைச் செய்தது. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் வந்து அகதி அந்தஸ்துக் கோரியவர்களுள் அக்குடும்பத்தின் மூத்த மகனும் ஒருவர். 1989 ஜனவரியில் புதிய அகதிகள் விசாரணை முறை தொடங்கியபோது, அதற்கு முன் வந்தவர்களின் கோரிக்கைகள் தேங்கிய கோப்புகளாக ஒதுக்கப்பட்டுத் தனியே விசாரிக்கப்பட்டன. 1987இல் வந்திருந்த அந்த மகன் ‘லாண்டட்’, அதாவது நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர், ஆவதற்குள் நான்கு ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்த உரிமை இல்லாமல் எவரையும் அழைக்க முடியாது. உரிமைப் பத்திரம் கைக்கு வந்ததும் அவர் திருமணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே பெற்றோரையும் கடைசித் தங்கையையும் அழைப்பதைப் பற்றிப் பேசினார் என்று குடும்பத்தில் சொல்லப்படுவதுண்டு. அக்காலப் பெற்றோர் விண்ணப்பங்கள் பலவற்றின் உள்ளே இருந்த அவசரம் பெற்றோரைப் பற்றியதன்று. திருமணமாகாத, 19 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைத் தங்கியிருப்போராகக் கொண்டு பெற்றோர் தம்முடன் அழைத்துவர முடியும் என்பதால், யுத்த பூமியில் வளர்ந்துகொண்டிருந்த தம்பி தங்கையரை வெளியே எடுப்பதற்கு இருந்த முறையான வழி பெற்றோரின் விண்ணப்பமாகவே இருந்தது. ஒரு பிள்ளையின் பத்தொன்பதாவது பிறந்தநாள் அக்குடும்பங்களுக்கு ஏற்படுத்திய பதைபதைப்பை எந்தப் படிவமும் பதிவுசெய்யவில்லை.

விண்ணப்பத்துக்கு வேண்டிய பத்திரங்களைத் தேடுவது தனியொரு வேலையாயிற்று. அம்மகனின் தந்தையான அப்பப்பாவின் பிறப்பு உரிய காலத்தில் பதியப்படவில்லை. அவருடைய பிறந்தநாளுக்கு வீட்டில் இருந்த ஒரே சான்று யுவ வருடம், ஆவணி மாதம் என்று தொடங்கும் ஓலைச் சாதகம். அறுபது ஆண்டுச் சுழற்சியில் அது 1935ஆம் ஆண்டைக் குறிக்கிறது. அவர் படித்த பாடசாலையின் இடாப்பிலோ வேறொரு திகதி இருந்தது. பாடசாலையில் சேர்ப்பதற்காக வயதைக் கூட்டிச் சொல்வது அக்கால வழக்கம். முறையான பிறப்புப் பதிவு இல்லாதவருக்குச் சாட்சியங்களைக் கொண்டு வழங்கப்படும் உத்தேச வயதுச் சான்றிதழைப் பெற அவர் கிராம சேவகரிடமும், அவரிடமிருந்து கச்சேரிக்கும், அங்கிருந்து சத்தியக் கடதாசி முடிக்கச் சமாதான நீதவானிடமும் அலைந்தார். கச்சேரி என்பது இலங்கை வழக்கில் மாவட்டச் செயலகம். அப்பம்மாவின் பெயர் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருந்தது. இரண்டும் ஒருவரே என்பதற்கு இன்னொரு சத்தியக் கடதாசி வேண்டியிருந்தது. எல்லாவற்றிலும் கடினமானது விவாகப் பதிவு. ஐயர் வந்து, தாலி ஏறி, ஊர் கூடி உண்ட கலியாணத்துக்குப் பதிவுப் பத்திரம் எதற்கு என்று இருந்துவிட்ட தலைமுறை அது. ஐந்து பிள்ளைகள் பிறந்து, பேரப்பிள்ளைக்குப் பெயர் யோசிக்கும் பருவத்தில் அந்த முதிய தம்பதியர் விவாகப் பதிவாளர் முன் மணமக்களாக நின்று கையொப்பமிட்டனர். அப்பம்மா அன்று கூறைச்சேலையை எடுத்து உடுத்திக்கொண்டு போனதாக அத்தை, அதாவது அந்தக் கடைசித் தங்கை, சொல்வார். பதிவாளரின் அலுவலகத்தில் அவர் வெட்கப்பட்டுத் தலை குனிந்தே நின்றாராம்.

பத்திரங்கள் சரியானாலும் ஆட்கள் கொழும்புக்குப் போய்ச் சேர வேண்டும். கனடிய உயர்ஸ்தானிகராலயமும் அது அங்கீகரித்த மருத்துவர்களும் இருந்தது கொழும்பில். 1990களின் முற்பகுதியில் ஆனையிறவுப் பாதையும் சங்குப்பிட்டிப் பாதையும் மூடப்பட்டிருந்ததால், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் பெருநிலத்துக்கும் இடையே மக்கள் கிளாலிக் கடனீரேரியைப் படகில் இரவோடிரவாகக் கடந்தனர். கடற்படைத் தாக்குதல்களில் பயணிகள் பலர் உயிரிழந்த நீர்ப்பரப்பு அது. அதைக் கடப்பதற்கு முன் குடாநாட்டை விட்டு வெளியேறும் அனுமதியான ‘பாஸ்’ பெற வேண்டும். ஆள்பிணை நிற்க ஒருவர் வேண்டும். முதியவர்களுக்கு ஓரளவு எளிதாகக் கிடைத்த அந்த அனுமதி, பதினேழு வயது அத்தைக்குக் கிடைக்கப் பல மாதங்கள் எடுத்தது. 1994இல் மூவரும் கிளாலியைக் கடந்து, தாண்டிக்குளம் சோதனைச்சாவடி வழியாக வவுனியாவை அடைந்து, கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் ஒரு ‘லொட்ஜ்’ அறையில் தங்கினர். வெளிநாட்டு விசாவுக்காக வடகிழக்கிலிருந்து வருவோரை நம்பி இயங்கிய இத்தகைய தங்கும் விடுதிகள் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் நிறைந்திருந்தன. அவற்றில் ஒரே அறையில் நாலைந்து பேர், ஒரே மின்னடுப்பு, சுவரில் அறைந்த ஆணியில் தொங்கும் பத்திரப் பை, அந்தப் பையை எவரும் தொடக்கூடாது என்ற கட்டளை என்று ஒரு வாழ்க்கை உருவாகியிருந்தது. பொலிஸ் பதிவு இல்லாமல் தெருவில் இறங்க முடியாது. 1996 ஜனவரி 31 அன்று மத்திய வங்கியில் குண்டு வெடித்த பின்னர் இரவுச் சோதனைகள் இன்னும் கடுமையாயின. அதற்கு முந்திய ஒக்டோபர் இறுதியில் மானிப்பாய் அடங்கிய வலிகாமப் பகுதியே ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது மானிப்பாய் வீடும் பூட்டிய கதவோடு கைவிடப்பட்டது. அதன் பின்பு கனடா கிடைக்காவிட்டால் திரும்பிப் போக ஓர் இடம் இருக்கிறது என்ற ஆறுதலும் அவர்களுக்கு இல்லாமற்போயிற்று.

அவர்களின் கொழும்பு வாசம் இரண்டு ஆண்டுகளுக்கு நீண்டதற்குக் காரணம் ‘மெடிக்கல்’ எனப்பட்ட மருத்துவப் பரிசோதனை. அப்பப்பாவின் நெஞ்சு எக்ஸ்ரேயில் ஒரு பழைய தழும்பு தெரிந்தது; இளமையில் வந்து தானே ஆறிப்போன காசநோயின் அடையாளம். நோய் இப்போது இயங்கவில்லை என்பதை நிறுவச் சளியைப் பரிசோதனைக்கு அனுப்பி, அதில் கிருமி வளர்கிறதா என்று சுமார் எட்டு வாரம் பார்க்க வேண்டும். சில மாத இடைவெளியில் எக்ஸ்ரேயை மறுபடி எடுத்து ஒப்பிட வேண்டும். பரிசோதனை முடிவு ஓராண்டுக்கே செல்லும் என்பதால், அவருடைய முடிவு வருவதற்குள் அப்பம்மாவினதும் அத்தையினதும் காலாவதியாகி, அவர்கள் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினர். காசநோய் பொதுச் சுகாதாரக் காரணத்துக்காகப் பார்க்கப்படுவது. இதைவிட முதியோரை அதிகம் பாதிப்பது, நாட்டின் மருத்துவச் சேவைகளுக்கு ‘மிகையான சுமை’ ஆகக்கூடியவர் என்று ஒருவரை விலக்கும் விதி. 2002ஆம் ஆண்டுச் சட்டம் கணவன், மனைவி, பிள்ளைகள் ஆகியோருக்கு இவ்விதியிலிருந்து விலக்களித்தது, பெற்றோருக்கு அளிக்கவில்லை. முதுமைக்கு இயல்பான நோய்களே முதியவரை விலக்கப் போதுமானவையாகிவிடும் இந்த ஏற்பாட்டில் நியாயம் காண்பது கடினம். 2018இல் சுமையை அளக்கும் தொகை மூன்று மடங்காக உயர்த்தப்பட்டதால் அதன் கடுமை குறைந்திருக்கிறது. ஆயினும் விதி நீடிக்கிறது.

1996 கோடையில் அவர்கள் மூவரும் ரொறன்ரோ வந்திறங்கினர். செயின்ற் ஜேம்ஸ் ரவுன் என்ற அடுக்குமாடித் தொகுதியில், இரண்டு படுக்கையறை வீட்டில், மகன், மருமகள், இரு குழந்தைகள், இப்போது வந்த மூவர் என ஏழு பேர் வாழ்ந்தனர். அரசின் படிவங்களில் அப்பம்மா ‘தங்கியிருப்பவர்’. நடைமுறையில் அவ்வீடு யார்மேல் தங்கியிருந்தது என்பதைப் பேரப்பிள்ளைகளின் நினைவு வேறுவிதமாகச் சொல்கிறது. அவர் வருவதற்கு முன், தொழிற்சாலையில் தந்தைக்கு இரவு ‘ஷிப்ட்’, தாய்க்கு வேலை இல்லை. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் தாயின் சம்பளம் அதற்கே போய்விடும். அவர் வந்த அடுத்த மாதமே தாய் காலை ஷிப்டில் வேலைக்குச் சேர்ந்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு மருமகளுக்கான புட்டும் சம்பலும் பெட்டியில் ஏறும். ஏழு மணிக்கு மகன் வேலை முடிந்து வந்து உண்டு உறங்குவார். எட்டரைக்கு அப்பப்பா இரு குழந்தைகளின் கையையும் பிடித்துக்கொண்டு பாடசாலைக்கு நடப்பார். பகல் முழுவதும், உறங்கும் மகனை எழுப்பிவிடாதபடி, அப்பம்மா அந்த வீட்டில் கால் ஓசை கேளாமல் நடமாடுவார். குழந்தைகள் தமிழ் பேசியதற்கும், தேவாரம் பாடமாக்கியதற்கும், காய்ச்சல் நாளில் பாடசாலையிலிருந்து அழைத்துவர ஆள் இருந்ததற்கும் அவரே காரணம். மூன்று ஆண்டுகளில் ஸ்காபரோவில் வீடு வாங்குவதற்கான முற்பணம் சேர்ந்தது. அந்த வீட்டின் கடன் பத்திரத்தில் அவருடைய பெயர் இல்லை. அப்பணத்தில் அவருடைய உழைப்பு இருந்தது.

வருமானம் காட்டினால்தான் பெற்றோரை அழைக்கலாம் என்கிறது சட்டம். பெற்றோர் வந்ததனால்தான் வருமானம் உண்டாயிற்று என்பதே இந்தக் குடும்பத்தின் அனுபவம். அதே தெருவில் வாழ்ந்த பல ஈழத்தமிழ்க் குடும்பங்களின் அனுபவமும் இதுவே. குழந்தைப் பராமரிப்புக்கு ஊதியம் பெறாத மூதாட்டியரின் வேலை எந்தக் கணக்கேட்டிலும் ஏறாததால்தான், முதியோரின் வரவு செலவாக மட்டும் எழுதப்படுகிறது. பொறுப்புறுதியின் ஆண்டுகளைக் கூட்டியவர்கள் இதை அறியாதவர்களாக இருந்திருக்க முடியாது. அறிந்தும் கணக்கில் கொள்ளவில்லை என்பதே வருத்தத்துக்குரியது.

வந்தவர்களின் மனநிலையை மட்டும் நல்லதாகச் சொல்லிவிட முடியாது. முதற் குளிர்காலத்தில் அப்பப்பா யன்னலோரக் கதிரையை விட்டு எழவில்லை. ஊரில் சைக்கிளில் சந்தைக்கும் வாசிகசாலைக்கும் போய்வந்த மனிதர், இங்கே பேருந்துக் காசுக்கு மகனிடம் கேட்க வேண்டியவரானார். முதியோர் ஓய்வூதியம் பெற 65 வயதாகியிருப்பதோடு குறைந்தது பத்து ஆண்டுகள் கனடாவில் வாழ்ந்திருக்கவும் வேண்டும் என்பதால், அந்தப் பத்து ஆண்டுகளும் அவருக்கென்று சொந்தமாக ஒரு டொலரும் இல்லை. மகன் கேளாமலே கொடுத்தார். ஆனாலும் வாங்குவது அவருக்குச் சுலபமாக இருக்கவில்லை. ரிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போகும் வெள்ளிக்கிழமைகளும், பின்னர் ஸ்காபரோவில் முதியோர் கூடும் இடத்தில் சீட்டாட்டமும் பத்திரிகையும் அவரை மீட்டன. 2006இல் முதல் ஓய்வூதியக் காசோலை வந்தபோது அவர் அதை மாற்றி, பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இருபது டொலர் கொடுத்தார்.

தாயின் தாயான அம்மம்மாவின் காலம் வேறாக அமைந்தது. அவர் கணவர் இருந்தவரை ஊரை விட்டு வர மறுத்தார்; 2010இல் கணவர் இறந்து தனியரான பின், மகள் விண்ணப்பத்துக்கான பத்திரங்களைத் திரட்டத் தொடங்கினார். திரட்டி முடிவதற்குள், 2011 நவம்பர் 5 அன்று, பெற்றோர், பாட்டன் பாட்டியர் விண்ணப்பங்களை ஏற்பதைக் கனடா இரண்டு ஆண்டுகள்வரை நிறுத்திவைத்தது. 1,65,000 பேருக்கு மேல் வரிசையில் தேங்கியிருப்பதும், காத்திருப்பு ஏழு ஆண்டுகளைக் கடந்துவிட்டதும் காரணமாகக் கூறப்பட்டன. தேக்கம் உண்மைதான், ஆண்டுதோறும் ஏற்கும் எண்ணிக்கையைவிட அதிகமானோர் விண்ணப்பித்து வந்ததன் விளைவு அது. 2014 ஜனவரியில் கதவு திறந்தபோது ஆண்டுக்கு 5,000 விண்ணப்பங்களே ஏற்கப்படும் என்றும், குறைந்த வருமான எல்லைக்கு மேல் 30 விழுக்காடு கூடுதலான வருமானத்தைத் தொடர்ந்து மூன்று ஆண்டுகளுக்கு வரித் திணைக்களத்தின் மதிப்பீட்டுப் பத்திரங்களால் காட்ட வேண்டும் என்றும் விதிகள் மாறியிருந்தன. முன்பு பன்னிரண்டு மாத வருமானமே பார்க்கப்பட்டது. தந்தையின் தொழிற்சாலை ஆட்குறைப்புச் செய்த ஆண்டு அந்த மூன்றில் ஒன்றாக விழுந்ததால் விண்ணப்பிக்கவே வழியில்லாமற்போயிற்று.

இங்கு விதியின் இன்னொரு பக்கம் தெரியவருகிறது. அம்மம்மாவுக்குக் கனடாவில் நான்கு பிள்ளைகள். நால்வரும் சேர்ந்து அவரைப் பார்த்துக்கொள்வதென்பது பேச்சுவார்த்தை எதுவுமின்றியே முடிவான விஷயம். ஆயினும் பொறுப்பேற்பவர் ஒருவரே. அவருடன் இணைந்து கையொப்பமிடக்கூடியவர் அவருடைய வாழ்க்கைத் துணை மட்டுமே. சகோதரரின் வருமானம் ஒரு சதமும் கணக்கில் சேராது. பெற்றோரைப் பிள்ளைகள் அனைவரும் கூடித் தாங்கும் சமூகங்கள் உலகில் பல இருக்க, ஒரு கணவன் மனைவியின் வரிப்பத்திரமே குடும்பத்தின் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

பின்வந்த ஆண்டுகளில் வரிசையே இல்லாமற்போயிற்று. முந்தியவருக்கே இடம் என்றிருந்த 2016 ஜனவரியில், விண்ணப்பங்களை முதலில் ஒப்படைக்க மிசிசாகாவிலிருந்த அலுவலகத்தின் முன் கூரியர் ஊழியர்கள் நின்றனர். 2017இல் அதற்குப் பதிலாகக் குலுக்கல் முறை வந்தது. 2019 ஜனவரி 28 அன்று நண்பகலில், மீண்டும் முந்தியவருக்கே இடம் என்ற முறையில், இணையப் படிவம் திறக்கப்பட்டுச் சில நிமிடங்களில் மூடப்பட்டது. அன்று மகளும் பேரப்பிள்ளையும் வேலையிடத்தில் விடுப்பெடுத்து, இரு கணினிகளின் முன் அமர்ந்திருந்தும், படிவத்தின் கடைசிப் பக்கத்தை எட்டவில்லை. வேகமாகத் தட்டச்சிடத் தெரியாதவர், இணைய வேகம் குறைந்தவர், பார்வைக் குறைபாடு உடையவர் ஆகியோருக்கு அதில் இடமே இருக்கவில்லை. 2020 ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மூன்று வாரம் திறந்திருந்த படிவத்தில், பாட்டியை அழைக்கும் பேரப்பிள்ளையாக இதை எழுதுபவரின் பெயர் பதிவாயிற்று. அவ்வாண்டு பதிந்தோர் இரண்டு இலட்சத்துக்கு மேல். 2021 முதல் 2025 வரை ஆண்டுதோறும் அரசு அழைப்புகளை அனுப்பியது. அவை யாவும் 2020இல் திரட்டிய அதே பெயர்களிலிருந்தே எடுக்கப்பட்டன. அந்த இடைவெளியில் கனடாவுக்கு வந்து உரிமை பெற்றவர்களுக்குப் பெயர் கொடுக்கவும் வாய்ப்புக் கிட்டவில்லை. பழைய வரிசை நீண்டதாக இருந்தாலும், அதில் நின்றவருக்குத் தமக்கு முன்னால் ஆட்கள் குறைந்துவருகின்றனர் என்ற நிச்சயம் இருந்தது. குலுக்கலில் முந்திய ஆண்டுகளிலெல்லாம் முயன்றவரும் 2020இல் முதன்முறையாகப் பெயர் கொடுத்தவரும் சமம்; காத்திருந்ததற்கு எந்த மதிப்பும் இல்லை. எண்பதை நெருங்கும் ஒருவர் விஷயத்தில் இது மிகப்பெரிய அநியாயம்.

அக்குடும்பத்துக்கு எஞ்சிய வழி ‘சுப்பர் விசா’. பெற்றோருக்கும் பாட்டன் பாட்டியருக்குமாக 2011 டிசம்பரில் தொடங்கப்பட்ட இந்த விசா பத்து ஆண்டுகள்வரை செல்லுபடியாகும். ஒரு வருகையில் இரண்டு ஆண்டுகள் தங்கலாம் என்றிருந்தது 2022 ஜூலை முதல் ஐந்து ஆண்டுகளாயிற்று. இது குடியுரிமைக்கோ வதிவிட உரிமைக்கோ இட்டுச்செல்வதில்லை. மாகாண மருத்துவக் காப்பும் கிடையாது. மாறாக, குறைந்தது 1,00,000 டொலருக்கான தனியார் மருத்துவக் காப்புறுதியைக் காட்டியே வர வேண்டும். அதன் கட்டணம் வயதோடு ஏறுவது. நீரிழிவு, இரத்த அழுத்தம் முதலிய ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பல காப்புறுதிகளில் இடமில்லை அல்லது மேலும் பணம் வேண்டும். 2022 இறுதியில் அம்மம்மா இந்த விசாவில் வந்து சேர்ந்தார். பல் வலிக்கும் பணம், கண்ணாடிக்கும் பணம் என்று அறிந்த நாள் முதல் அவர் தமக்கு எதுவும் வலிக்கவில்லை என்றே சொல்லிவருகிறார். பிள்ளைகள் அவர் நடையைப் பார்த்து முழங்கால் வலியைக் கண்டுபிடிக்கின்றனர். ஒவ்வோர் ஆண்டும் காப்புறுதியைப் புதுப்பிக்கும் மாதத்தில் நான்கு பிள்ளைகளும் கட்டணத்தை நான்காகப் பிரித்து மூத்த மகளின் கணக்குக்கு அனுப்பிவிடுகின்றனர். அழைப்புக் கடிதத்திலும் வருமானப் பத்திரத்திலும் ஒரு மகளின் பெயர் மட்டுமே இருக்கிறது.